ஹைபிரிட் காரின் கியர் ஆயில்

மடிப்பாக்கத்தில் வெயில் ஏறும் முன்பே, எங்கள் கேம்ரி ஹைபிரிட் காரின் கியர் ஆயிலை இன்று நானே மாற்றினேன். காரை நான்கு ஸ்டாண்டுகளின் மீது மட்டமாக நிறுத்திவிட்டு, முதலில் கழற்றியது நிரப்பும் துளையின் போல்ட்டைத்தான். அது கழல மறுத்து, ஆயிலை வடிக்கும் கீழ் போல்ட்டை முன்பே திறந்திருந்தால், காலி கியர் பெட்டியோடு வண்டி அங்கேயே நின்றிருக்கும். வடிந்த ஆயில், ஆறிய டிக்காஷனைப் போலக் கறுத்திருந்தது. வேறு சில ஆட்டோமேட்டிக் கார்களில் இருப்பதுபோல் இந்தக் கியர் பெட்டியில் பெல்ட் கிடையாது என்பதால் ஆயிலை மாற்றவே தேவையில்லை என்பாரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் பல்சக்கரங்கள் தேயாமல் காப்பதோடு, உள்ளிருக்கும் மின்மோட்டார்களின் செப்புச் சுருள்களைக் குளிர்விப்பதும் இதே ஆயில்தான். ஆகவே டொயோட்டா குறிப்பிடும் டபிள்யூ.எஸ். வகை ஆயிலை மட்டுமே, மேல் துளையில் மெல்லிய இழையாக வழியும் வரை, பம்பால் நிரப்பி, புது வாஷர் போட்டு மூடினேன்.