ஸ்டிர்லிங் பாலம் கட்டுகிறேன்: ஆறாவது வாரம்

ஸ்டிர்லிங் பாலப் போரின் மாதிரிக் களத்தைச் செய்துகொண்டிருக்கிறேன். அதில் பாலம் ஒருவழியாக நின்றுவிட்டது. ஐஸ் குச்சிகளை நெடுக்காகப் பிளந்து பலகை போட்டேன். தூண்களுக்கு அகர்பத்திக் குச்சி. 1297 செப்டம்பர் 11 அன்று ஆங்கிலேயப் படையை ஸ்காட்லாந்துப் படை தோற்கடித்தபோது, ஸ்காட்லாந்தில் ஃபோர்த் ஆற்றின்மேல் இருந்த மரப்பாலம் இது. இரண்டு குதிரைவீரர்கள் மட்டுமே ஜோடியாகப் போக முடிந்த பாலம். அதையே அளவாக வைத்து, 72-இல் ஒரு பங்கு பொம்மைக் குதிரைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்தேன். 4 செ.மீ. வந்தது.

அப்புறம் கையில் இருந்த 24 குதிரைகளையும் இரண்டிரண்டாக நிறுத்திப் பார்த்தேன். வரிசை பாலத்தைத் தாண்டி அடிப்பலகையின் விளிம்பைத் தொட்டுவிட்டது. 24 குதிரைக்கே இப்படி! ஆயிரக்கணக்கான ஆங்கிலேயப் படை இதில் கடக்க எத்தனை மணி நேரம் ஆகும்? சற்றுத் தள்ளி ஆழம் குறைந்த துறை இருக்கிறது, அங்கே குதிரைப்படையை இறக்கிச் சுற்றி வளைக்கலாம் என்று ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்திருந்த ஸ்காட்லாந்து வீரர் ரிச்சர்ட் லண்டி சொல்லியிருக்கிறார். ஆங்கிலேயத் தலைமை கேட்கவில்லை. வீணாக நாளைக் கடத்திச் செலவை ஏற்றாதீர்கள் என்று அவசரப்படுத்திய ஆங்கிலேய அரசின் பொருளாளர் கிரெஸ்ஸிங்ஹாம், முன்னணிப் படையோடு பாலத்தைக் கடந்து அங்கேயே மாண்டார்.

ஸ்காட்லாந்துப் படை காத்திருந்த அபி கிரெய்க் குன்றைத்தான் முதலில் தப்பாக வைத்தேன். பாலத்தை ஒட்டியே தெர்மோகோலில் செதுக்கிவிட்டேன். உண்மையில் ஏறக்குறைய ஒரு மைல் தூரம். என் அளவில் 22 மீட்டர், எங்கள் வீட்டு வாசலையே தாண்டிவிடும். பிய்த்து எடுத்துவிட்டு, குன்றைப் பின்புற அட்டையில் வரைந்தேன். தாங்கள் சமாளிக்கும் அளவு ஆட்கள் கடக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு அத்தனை தூரம் இறங்கி ஓடி வந்து பாலத்தின் வாயை அடைத்திருக்கிறார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

ஈட்டிகளுக்குத் தென்னை ஈர்க்கு. 12 அடி ஈட்டி என்றால் 5 செ.மீ. வெட்ட வேண்டும், பொம்மை வீரனோ இரண்டரை செ.மீ. கூட இல்லை. நாற்பது ஈர்க்குகளை நெருக்கமாக ஒட்டியதும் முள்ளம்பன்றி மாதிரி ஆகிவிட்டது. ஸ்காட்லாந்து என்றதும் நினைவுக்கு வரும் கட்டம்போட்ட பாவாடையான கில்ட் யாருக்கும் போடவில்லை, அது மூன்று நூற்றாண்டு கழித்து வந்த உடை.

இந்த வாரம் அதிக நேரம் எடுத்தது ஆண்ட்ரூ மரே பொம்மை. ஸ்காட்லாந்துப் படைத் தலைவர் வில்லியம் வாலஸை எல்லோருக்கும் தெரியும். வடக்கே கிளர்ச்சியை நடத்திவிட்டு வந்து, அவரோடு சமமாக இந்தப் போரை நடத்தியவர் மரே. இங்கே பட்ட காயத்தால் சில வாரங்களில் இறந்துவிட்டார் என்பதே பரவலான கருத்து. அக்டோபர் 11 அன்று ஜெர்மானிய நகரங்களான லூபெக், ஹாம்பர்க் வணிகர்களுக்கு, எங்கள் துறைமுகங்களுக்கு நீங்கள் தாராளமாக வரலாம் என்று போன கடிதத்தில் மரேயின் பெயர்தான் முதலில் இருக்கிறது, வாலஸ் பெயர் அடுத்து. அந்த மனிதர் இல்லாமல் இந்தக் களத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு செ.மீ. கேடயத்தில் நீலம் பூசி, மரே குடும்பச் சின்னமான மூன்று வெள்ளை நட்சத்திரங்களை ஊசிமுனையால் வைத்தேன். நான்கு தடவை அழித்து எழுதிய பிறகுதான் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரிந்தது. வாலஸுக்கு வலப்பக்கம் நிற்கிறார்.

ஆற்றுக்கு இன்னும் ஒரு பூச்சு பசை பாக்கி. அது காய்ந்ததும் மார்மடியூக் த்வெங்கை ஒட்ட வேண்டும். மறுகரையில் சிக்கி, வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு பாலம் வழியாகவே திரும்பிப்போன ஆங்கிலேயத் தரப்பு வீரர் அவர். பாலத்தில் அவருடைய குதிரை மட்டும் தெற்கே பார்த்து நிற்கும்.