‘புரூக்ளின்’ முக்கோணக் காதல் கதை இல்லை

ஜான் குரோலி இயக்கி 2015இல் வந்த ‘புரூக்ளின்’ படத்தை முக்கோணக் காதல் கதை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அமெரிக்காவில் டோனி, அயர்லாந்தில் ஜிம், இரண்டு பேருமே நல்லவர்கள்தான், ஆனால் கதாநாயகி ஏலிஷ் யாரோடு வாழப்போகிறாள் என்பதா இந்தப் படத்தின் கேள்வி? இருந்தவரை ஒரு பெண்ணைக் கண்டுகொள்ளாத ஊர், அவள் வெளியே போய் நிமிர்ந்து வந்ததும் ஒவ்வொன்றாக அள்ளிக் கொடுக்கிறதே, அங்கேதான் படமே இருக்கிறது. (இனிமேல் கதை முழுக்க வரும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

1950களின் தொடக்கம். அயர்லாந்தில் என்னிஸ்கார்த்தி என்கிற சிற்றூர். ஏலிஷுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மளிகைக் கடை வேலை, அதுவும் தேள் கொடுக்கு நாக்குள்ள மிஸ் கெல்லியிடம். அக்கா ரோஸ்தான் ஒரு பாதிரியார் மூலம் ஏற்பாடு செய்து தங்கையை நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்குக் கப்பலேற்றுகிறாள்.

போன இடத்தில் ஊர் நினைப்பு அவளை நோய் மாதிரி படுத்துகிறது. கிறிஸ்துமஸ் அன்று ஏழை ஐரிஷ் முதியவர்களுக்குச் சாப்பாடு பரிமாறப் போகிறாள். இந்த நாட்டின் சுரங்கங்களையும் பாலங்களையும் கட்டியவர்கள் இவர்கள்தான் என்கிறார் பாதிரியார். அவர்களில் ஒருவர் எழுந்து ஐரிஷ் மொழியில் பாடுகிறார், இசைக்கருவி எதுவும் இல்லை, வெறும் குரல். பாடுபவர் இயர்லா ஓ லியனார்ட், நிஜத்திலும் பாடகர். அந்தப் பாட்டைக் கேட்கும்போது ஏலிஷாக நடித்த சர்ஷா ரோனனின் முகத்தைப் பாருங்கள், அவர் பெற்ற ஆஸ்கர் பரிந்துரைக்கு அந்த ஒரு காட்சியே போதும் என்பேன். ரோனனே நியூயார்க்கின் பிராங்ஸில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்தவர்.

அப்புறம் ரோஸ் இறந்துபோகிறாள். புரூக்ளினில் காதலித்த டோனியை ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஏலிஷ் ஊருக்கு வருகிறாள். வந்தால் அக்கா பார்த்த கணக்கு வேலை காத்திருக்கிறது, வசதியான வீட்டுப் பையன் ஜிம் காத்திருக்கிறான், நியூயார்க்கின் கோனி தீவுக் கடற்கரையின் நெரிசலைப் பார்த்துவந்த கண்ணுக்குச் சொந்த ஊர்ப்பக்கத்துக் கரக்ளோ கடற்கரை காலியாக, நீளமாகக் கிடக்கிறது. இதில் பாதி முதலிலேயே கிடைத்திருந்தால் அவள் போயே இருக்க மாட்டாள். டோனியின் கடிதங்களைப் பிரிக்காமல் மேசைக்குள் போடுகிறாளே, அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் மிஸ் கெல்லி அவளைக் கூப்பிட்டு, கல்யாண விஷயம் தெரியும் என்று ஜாடையாக மிரட்டுகிறாள். இந்த ஊர் எப்படிப்பட்டது என்பதையே மறந்துவிட்டேன் என்று சொல்லி, கணவனின் குடும்பப் பெயரோடு தன் பெயரைச் சொல்கிறாள் ஏலிஷ். கோபத்தோடு ஒரு விடுதலையும் அந்தக் குரலில் கேட்கிறது.

ஒரே ஒரு குறை. கொல்ம் டோபீனின் மூல நாவல் (2009) அவள் ஊரைவிட்டுக் கிளம்புவதோடு நின்றுவிடும். படமோ டோனியிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் முடிகிறது. மீண்டும் கப்பலேறியதோடு நிறுத்தியிருந்தால், முக்கோணக் காதல் என்கிற பேச்சே கிளம்பியிருக்காது.