தூங்குமூஞ்சிக் கட்டையில் ஒரு பாம்படக் காது

அக்கா வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஊர் காட்ட அத்தான் ஒரு வரிசை வைத்திருக்கிறார்: தேக்கா, மெரினா, செந்தோசா. இந்த முறை நான் கேட்டது சுங்கை காடுட். சிங்கப்பூரின் வடக்கே, கிராஞ்சிப் பக்கம், மர அறுவை ஆலைகளும் மேசை நாற்காலி செய்யும் பட்டறைகளும் நெடுங்காலமாக இருக்கிற தொழிற்பேட்டை. அங்கே ஒரு பட்டறையின் மூலையில் அத்தானின் நண்பர் மரம் கடைகிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சீனர், மலாய்க்காரர் எல்லாருமே அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே.

கடைசல் எனக்குப் புதிதில்லை. அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன் நான். மரச் செப்புச் சாமான் இல்லாத வீடு எங்கள் பக்கம் அபூர்வம். ஆனால் நம் ஊரில் கட்டை சுழலும்போதே அரக்கை அழுத்திச் சிவப்பும் மஞ்சளுமாக நிறம் ஏற்றிவிடுவார்கள். உள்ளே என்ன ரேகை ஓடியது என்று யாருக்கும் தெரியாது. இங்கே நேர்மாறு. அந்த ரேகையைப் பார்ப்பதற்காகத்தான் கடைவதே.

அண்ணனின் அலமாரியில் பல நாட்டு மரத்துண்டுகள். பொகோட்டே என்று ஒரு மெக்சிகோ மரம். மஞ்சள் பழுப்பில் கறுப்பு வரிகள் ஓடி, நடுநடுவே சுழித்து அச்சாகக் கண்கள். ஒரு சாண் துண்டில் இரண்டு கண்கள் பக்கம் பக்கமாக விழுந்திருந்தன. கொஞ்ச நேரம் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். “இது நம்ம நறுவிலி மரத்துக்குச் சொந்தம், தம்பி” என்றார் அண்ணன். இரண்டும் ஒரே பேரினம்தான். அடுத்தது அம்போய்னா. விலை உயர்ந்த சாமான். செம்பழுப்பில் நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். மரத்தின் மேல் கழலை போலப் புடைத்து, துளிர்க்காமலே போன மொட்டுகள் உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதி அது. அந்த மரம் வேறெதுவும் இல்லை, சிங்கப்பூர்ச் சாலையோரத்தில் நிற்கும் அங்சானாதான். நம் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் பங்காளி.

சரி, நான் எழுத வந்தது இவற்றைப் பற்றி அல்ல. ஓரமாகக் கிடந்த ஒரு தூங்குமூஞ்சிக் கட்டையைப் பற்றி.

தூங்குமூஞ்சி மரம் தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து 1876இல் சிங்கப்பூருக்கு வந்தது. இன்று சாலைக்கு மேல் குடை பிடித்து நிற்பதில் பாதி அதுதானோ என்று தோன்றும். அந்தக் கட்டையும் ஏதோ ஒரு சாலையோரத்தில் வெட்டிய மரத்திலிருந்து வந்தது. வைரம் என்கிற நடுக்கட்டை அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம், ஓரத்தில் வெளிறிய மஞ்சள். அறுத்த முகத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை.

அண்ணன் அதை எந்திரத்தில் மாட்டிக் கிண்ணமாகக் குடைய ஆரம்பித்தார். ஈரக் கட்டை என்பதால் உளி பட்டதும் சீவல் நீளநீளமாகச் சுருண்டு தோளில் விழுந்தது. கொஞ்சம் குடைவார், எந்திரத்தை நிறுத்துவார், ஈரத் துணியால் துடைப்பார், பார்ப்பார். மறுபடி குடைவார். அப்படி ஒருமுறை துடைத்தபோது உள்ளே இருந்து ஒரு ஆச்சி என்னைப் பார்த்தாள்.

சொன்னால் நம்ப வேண்டும். நடுவில் சுருக்கம் விழுந்த நீண்ட முகம். இரண்டு பக்கமும் தோள் வரை தொங்கும் காது, காதில் ஓட்டை, ஓட்டையின் அடியில் கனமாகப் பாம்படம். இடது காதுக்குக் கீழே நீலக்கறுப்பில் ஒரு மரு.

காரணம் கேட்டேன். அண்ணன் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். இரண்டு பக்கமும் கிளை விட்ட இடங்கள். கிளைக் கணுவை நேர் குறுக்கே வெட்டினால் வட்டம், சாய்வாக வெட்டினால் அது நீண்டு தொங்கும். கிண்ணத்தின் சுவர் வளைவதால் இங்கே சாய்வாக வெட்டுப்பட்டிருக்கிறது. கிண்ணத்தின் எதிரெதிர்ச் சுவர்களில் ரேகை பெரும்பாலும் ஒன்றுபோலவே விழும். இடமும் வலமும் ஒத்துப்போனால் நம் கண் அதை முகம் என்று முடிவு கட்டிவிடும். மரு? எப்போதோ யாரோ அடித்த ஆணி. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் அந்த நிறம்தான் வரும்.

இன்னும் அரை விரற்கடை குடைந்தால் கிண்ணம் அழகாக மெலிந்திருக்கும். ஆச்சியும் போயிருப்பாள். ஒவ்வோர் அடுக்கிலும் படம் மாறிக்கொண்டே இருக்கும், எங்கே நிறுத்துவது என்பதுதான் கடைகிறவரின் கெட்டிக்காரத்தனம். அண்ணன் உளியைக் கீழே வைத்துவிட்டார். சுவர் தடிமனாகவே இருக்கட்டும் என்றார். அந்த முடிவுக்காகவே அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம் போலிருந்தது.

பக்கத்து மேசையில் வேலை பார்த்த மலாய்ப் பையன் வந்து எட்டிப் பார்த்து, ஆந்தை என்றான். சீன முதலாளி தாடி வைத்த கிழவர் என்றார். பாம்படத்தை அவர்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள்?

திரும்பும் வழியில் அத்தான் ஜூரோங் வெஸ்ட் மரத்தைப் பற்றிச் சொன்னார். 2007 செப்டம்பரில், ஸ்திரீட் 42இல் ஒரு மரத்தின் காயம் ஆறிப் புடைத்த இடம் குரங்கு உருவத்தில் இருக்கிறது என்று கூட்டம் கூடிவிட்டது. நம்மவர்களுக்கு அனுமார். சீனர்களுக்கு அவர்களுடைய வானரத் தெய்வமான சுன் வூகோங். வாழைப்பழமும் வேர்க்கடலையும் ஊதுவத்தியுமாக இரண்டு தரப்பும் ஒரே மரத்தடியில் நின்று கும்பிட்டிருக்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆச்சியைப் பார்த்தபோது என் கையும் தானாகக் கூப்பத்தான் போனது.

கிண்ணம் இனிமேல்தான் காய வேண்டும். மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்காது. அதனால் வட்டக் கிண்ணம் நீள்வட்டமாகும். சில மரங்கள் அந்த இழுப்பில் வெடித்தே விடும். தூங்குமூஞ்சி நல்ல மரம், சுருக்கம் குறைவு. ஹவாயில் இதைப் பச்சையாகவே கடைந்து கிண்ணம் செய்வார்களாம். அண்ணன் அதைத் தன் சீவலிலேயே புதைத்துக் காகிதப் பையில் கட்டி வைத்திருக்கிறார். காய்ந்த பிறகு மறுபடி எந்திரத்தில் ஏற்றப்போவதில்லை. உப்புத்தாள் போட்டு எண்ணெய் தடவுவதோடு சரி. கோணினாலும் கோணட்டும் என்கிறார். விலைக்குக் கேட்டுப் பார்த்தேன், தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த விடுமுறைக்கு மறுபடி கேட்பேன்.