அட்டைப்பெட்டிக் கப்பல்

பக்கத்து வீட்டுக்கு இன்று வந்த ஃப்ரிட்ஜின் அட்டைப்பெட்டிக்குள் அவ்வீட்டுச் சிறுமி புகுந்துகொண்டு, கப்பல் புறப்படப்போவதாக உரக்க அறிவித்தாள்.

எனக்குக் கார்ட்டூன் தொடர் ஒன்றின் நாயகன் ஸ்பாஞ்ச்பாப் நினைவுக்கு வந்தான்.

கடலுயிரியல் கற்பித்துவந்த ஸ்டீபன் ஹில்லன்பர்க் உருவாக்கி, 1999இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய அத்தொடரின் ஒரு கதையில், ஸ்பாஞ்ச்பாப்பும் அவன் நண்பன் பேட்ரிக்கும் பெரிய தொலைக்காட்சிப்பெட்டி ஒன்றை வாங்கி, அதை எறிந்துவிட்டு, அது வந்த அட்டைப்பெட்டியை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் உள்ளே மலையேறி விளையாடினால் பனிச்சரிவின் பேரோசை வெளியே உண்மையாகவே கேட்கும்.

அவர்களின் அண்டைவீட்டு ஸ்குவிட்வார்டு அதே பெட்டியில் ஏறி அமர்ந்தால் ஓர் ஓசையும் எழாது.

இத்தனைக்கும் அவன் கிளாரினெட் வாசிப்பவன், ஓவியம் தீட்டுபவன். ஆனால் எதைச் செய்தாலும் பிறர் பாராட்டையே எதிர்பார்த்துப் பழகியதால், யாரும் பார்க்காத விளையாட்டில் தன்னை மறக்க அவனால் இயலவில்லை என்றே நினைக்கிறேன்.

சிறுவயதில் அவனைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது அவன்மீது மிகுந்த இரக்கம் உண்டாகிறது.