11 வருசம் இடித்த காய், அதன் மரம்

மட்டக்களப்பில் ஒரு சித்த மருந்தகத்தில் மருந்து இடிக்கிற வேலை எனக்கு. இது 11வது வருசம். கடுக்காய் இடிக்காத கிழமையே கிடையாது. 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்று வைத்தியர் ஐயா முதல் நாளே சொல்லித் தந்தார், அன்றிலிருந்து கொட்டையை எடுக்காமல் ஒரு காயைக்கூட உரலில் போட்டதில்லை. ஆனால் மரத்தை ஒருநாளும் கண்டதில்லை, எங்களுக்கு வருவதெல்லாம் இந்தியாவிலிருந்து வரும் மூட்டைகள்தான்.

போன மாதம் ஐயா எங்கள் நாலு பேரையும் கல்ஓயா தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். அம்பாறை தாண்டி இங்கினியாகலையில் படகு ஏறினோம். அங்குள்ள பெரிய குளமான சேனாநாயக்க சமுத்திரத்துக்கு சமுத்திரம் என்ற பேர் பொருத்தம்தான். அணை கட்டிப் பள்ளத்தாக்கு நிறைந்தபோது மூழ்காமல் தப்பிய குன்றுகள் இப்போது தீவுகளாக நிற்கின்றன, மூழ்கிய மரங்களின் பட்ட கொம்புகளில் நீர்க்காகங்கள் இறக்கை விரித்துக் காய்கின்றன. யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போகுமாம், எங்களுக்கு வாய்க்கவில்லை. இந்தக் குளத்துக்கு நீர் தரும் காட்டைக் காக்கத்தான் 1954இல் பூங்கா ஆக்கினார்கள். சம்மாந்துறைப் பக்கம் வயலுக்குப் பாய்வதும் இந்தத் தண்ணீர்தான் என்பது அங்கே வைத்துத்தான் எனக்கு உறைத்தது.

ஒரு புல்மேட்டுக் கரையோரம் படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "அரளு, புளு, நெல்லி" என்று சிங்களத்தில் ஒவ்வொரு மரமாகக் கை காட்டினார். மூன்றாவது சொல் எங்களுக்கும் அதேதானே! அப்போ முதல் இரண்டும் கடுக்காயும் தான்றியும். திரிபலா சூரணத்தில் சேர்க்கிற மூன்றும் ஒரே மேட்டில் பச்சையாக நிற்கின்றன, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கடுக்காய் மரத்தின் பட்டை கருமண்ணிறம், நெடுக வெடித்து, கீழே ஒரு முழத்துக்குத் தீ நக்கிய கரி. காய்ந்த புல்லில் தீ ஓடினாலும் தடித்த பட்டை உள்ளே விடாதாம். காய் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

இறங்கித் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கூட வந்த வனசீவராசி உத்தியோகத்தர் தலையாட்டி மறுத்தார். ஐயாவும், "விடுங்க தம்பி, நம்மட ஆக்கள் இறங்கினா கை சும்மா கிடக்காது, பட்டை உரிக்கத்தான் போகும்" என்றார். உண்மைதான், அந்தக் கை என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை புது மூட்டை பிரித்தேன். ஒரு காயை எடுத்து, அதன் ஐந்து வரியையும் விரலால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், அப்புறம்தான் கொட்டையை நீக்கினேன்.