டர்பனில் புதுவீடு: வெயிலுக்கும் காற்றுக்கும் நாங்கள் போட்ட கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் மேட்டில் வீட்டுக்கு வரைபடம் போடும்போது முதலில் தீர்க்க வேண்டியிருந்தது திசை. தமிழ்நாட்டு வரைபடங்களைப் பார்த்து வரைந்தால் வெயில் தெற்கிலிருந்து வரும் என்ற கணக்கும் கூடவே வந்துவிடும். டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 30 பாகையில் இருக்கிறது. நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் இங்கே வடக்கில்தான். அதனால் கூடத்தையும் பிள்ளைகள் அறையையும் வடக்கில் வைத்தோம். குளியலறை, சாமான் அறை, கார் நிறுத்துமிடம் எல்லாம் தெற்குக்கும் மேற்குக்கும் போயின.

வடக்கு ஜன்னலுக்கு இறவாரம் எவ்வளவு நீள வேண்டும் என்பதைக் கணக்கிட்டே முடிவு செய்யலாம். டிசம்பர் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய 83 பாகை உயரத்தில், ஜூனில் 37 பாகையில். ஜன்னல் உயரம் 1.2 மீட்டர், அதற்கு 30 சென்டிமீட்டர் மேலே இறவாரம் என்றால், 60 சென்டிமீட்டர் நீட்டினாலே டிசம்பரில் கண்ணாடி முழுக்க நிழல். ஜூனில் மேலே 15 சென்டிமீட்டர் மட்டும் மறையும், மீதிக் கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வரும். மார்ச் கடைசியில் இன்னும் புழுக்கம் இருக்கும்போது அடிப்பகுதியில் வெயில் படும். அதற்காக இறவாரத்தை 75 சென்டிமீட்டர் ஆக்கினோம். மேற்கு ஜன்னலுக்கு இந்தக் கணக்கு உதவாது. மாலைச் சூரியன் தாழ்ந்து நேரே வரும். அங்கே ஜன்னலைச் சிறிதாக்கி வெளிப்புறத்தில் ஷட்டர் போடுவதுதான் வழி.

இங்கே காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும். அந்த இரண்டு பக்கமும் திறப்பு இருந்தால் வீட்டுக்குள் காற்று ஓடும். தென்மேற்குக் காற்று மழையோடு வரும் என்பதால் அந்தப் பக்கம் மேலே கீல் வைத்த ஜன்னல். கட்டட விதிப்படி திறப்பு, தரைப் பரப்பில் குறைந்தது 5 சதவீதம் இருக்க வேண்டும். 14 சதுர மீட்டர் அறைக்கு 0.7 சதுர மீட்டர். பக்கவாட்டில் தள்ளும் ஜன்னல் பாதிதான் திறக்கும், ஆகவே அதில் 1.4 சதுர மீட்டர் வேண்டும். இதைப் பலரும் பார்ப்பதில்லை.

சமையலறை சிம்னி 150 மில்லிமீட்டர் குழாயில் நேரே வெளியே போக வேண்டும். கரி வடிகட்டி வைத்து உள்ளேயே சுற்றவிடும் வகை, தாளிப்பு நெடியைக் கொஞ்சம் குறைக்கும், நீராவியைக் குறைக்காது. சிம்னி ஓடும்போது ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இழுக்கக் காற்றே இருக்காது. சாமி அறையில் கற்பூரக் கரியும் சாம்பிராணிப் புகையும் வெளியேற, கூரையை ஒட்டி ஒரு லூவர் (சாய்ந்த பட்டைகள் வைத்த காற்றுத் திறப்பு) போதும். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் குழாயை சீலிங்குக்கு மேல் அப்படியே விட்டுவிடும் வேலையாட்கள் உண்டு. அந்த ஈரம், வெப்பத்தைத் தடுக்க அங்கே விரிக்கும் கண்ணாடிப் பஞ்சை நனைத்து, மரச்சட்டத்தில் பூஞ்சை பிடிக்க வைக்கும். சீலிங் அடைக்கும் முன் நேரில் ஏறிப் பாருங்கள்.

சீலிங்குக்கு மேல் 135 மில்லிமீட்டர் கண்ணாடிப் பஞ்சு விரித்தோம். செலவுக்கு இதைவிடப் பலன் தருவது வேறில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஏசி. 14 சதுர மீட்டர் படுக்கையறைக்கு 9000 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு) இன்வர்ட்டர் ஏசி போதும். 18000 வாங்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பெரிய இயந்திரம் சட்டென்று குளிர்வித்து ஓட்டத்தைக் குறைத்துவிடும். காற்றின் ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது, அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். இங்கே ஆடி மாதம் குளிர்காலம், அதற்கு அதே ஏசியின் வெப்ப ஓட்டம் போதும். 1 கிலோவாட் மின்சாரத்தில் சுமார் 3 கிலோவாட் வெப்பம் தரும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் கட்டுபவர்களுக்கு உறைபனி இரவுகள் உண்டு, அவர்கள் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

ஏசி பொருத்தும்போது செம்புக் குழாயை வேக்குவம் பம்ப் வைத்து உலர்த்துகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஈரம் உள்ளே தங்கினால் கம்ப்ரஸர் கெடும். வடிகுழாய்க்கு மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். கடற்கரைக்கு அருகில் என்றால் வெளி யூனிட்டின் தகடுகளுக்கு உப்புக் காப்புப் பூச்சு கேட்டு வாங்கி, அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஒவ்வொரு ஏசிக்கும் தனி லைன், வெளி யூனிட் அருகே தனி ஸ்விட்ச். வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனிடம் மின் இணக்கச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். வீட்டை விற்கும்போது அது இல்லாமல் பெயர் மாற்ற முடியாது.