ஆரணிக் கடிதமும் டிலுக்அப்பும்

தாத்தாவுக்கு வந்த கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. இன்லண்டும் போஸ்ட் கார்டுமாக 312. போன மாதம் மைக்ரோசாப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பட்டியல் போட உட்கார்ந்தேன். எழுதியவர், ஊர், தேதி, நாலு வரி சுருக்கம். இதோடு, எழுதிய நாளில் அந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதும் தானாக வந்து நிற்க வேண்டும் என்று ஓர் ஆசை.

ஏன் இந்த ஆசை என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும். வேலூர், ஆரணி, திருவண்ணாமலை, ஆம்பூர் எல்லாம் ஒரு காலத்தில் ஒரே வட ஆற்காடு, விலாசத்தில் ‘வ.ஆ. மாவட்டம்’ என்று எழுதினால் போதும். 1989 செப்டம்பர் 30 அன்று பிரித்தபோது ஆரணி திருவண்ணாமலையோடு போயிற்று. எஞ்சிய பகுதி பிறகு வேலூர் மாவட்டம் என்றானது; 2019இல் அதுவும் மூன்றானது, ஆம்பூர் திருப்பத்தூர் பக்கம் போனது. பேர் கொடுத்த ஆற்காடே இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில்.

ஊர்களுக்குத் தனி அட்டவணை: ஊர், மாவட்டம், எந்தத் தேதி முதல், எதுவரை. அதிலிருந்து ஒரே ஒரு மதிப்பைத் தேடி எடுக்க அக்சஸில் டிலுக்அப் (DLookup) என்ற கட்டளை இருக்கிறது. எந்தப் புலம், எந்த அட்டவணை, என்ன நிபந்தனை என்று மூன்றைச் சொன்னால் எடுத்துத் தரும்.

முதலில் அக்சஸுக்குள் நிரல் எழுதும் விபிஏவில் (VBA) எழுதினேன். ஊர்ப் பெயரைத் தமிழில் அடித்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் வந்தன. அந்த எடிட்டருக்கு யூனிகோடு தெரியாது. சரி என்று அதை விட்டுவிட்டு, படிவத்தில் ஓர் உரைப்பெட்டி வைத்து அந்தப் பெட்டி எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் கண்ட்ரோல் சோர்ஸிலேயே சூத்திரத்தை எழுதினேன். அங்கே தமிழ் ஒழுங்காக நின்றது. ஊர்ப் பெயர் உரை என்பதால் ஒற்றை மேற்கோளுக்குள், தேதி என்றால் இரண்டு பக்கமும் ஹாஷ் குறி (#).

மாவட்டம் வந்தது. ஆனால் 2019க்குப் பிந்தைய ஓரிரு கடிதங்களுக்குப் பெட்டி காலி. ‘எதுவரை’ என்ற இடத்தை நான் வெறுமையாக விட்டிருந்தேன். அப்படி வெறுமையாக விட்ட இடத்தை (Null) எதோடு ஒப்பிட்டாலும் அந்த வரிசை தேறாது. 31-12-9999 என்று போட்டதும் சரியாயிற்று. அக்சஸ் ஏற்கும் கடைசித் தேதி அதுதான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான தலைவலி. அத்தையை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆரணியிலிருந்து 5-10-1989 அன்று வந்த கடிதத்துக்கு வட ஆற்காடு என்று வந்தது. அடுத்தது அதே ஊர், 25-10-1989. அதற்குத் திருவண்ணாமலை.

“ஏன்டா, ஒரே மாசத்துல ஊரு இங்கயும் அங்கயுமா போச்சு?” என்றார் அத்தை.

ஊர் அட்டவணையை மூன்று முறை சரிபார்த்தேன், பிழையே இல்லை. விஷயம் ஹாஷ் குறிக்குள் இருந்தது. நம் கணினி நாள்-மாதம் என்று காட்டினாலும், நிபந்தனைக்குள் போகும் தேதியை அக்சஸ் அமெரிக்க வழக்கப்படி மாதம்-நாள் என்றுதான் படிக்கும். அக்டோபர் 5 அங்கே மே 10 ஆகிவிட்டது. 25ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் இரண்டாவது கடிதத்தைத் தானே திருப்பிப் போட்டுச் சரியாகப் படித்துக்கொண்டது. நாள் 12க்குள் இருந்தால் தப்பு, தாண்டினால் சரி! பிழைச் செய்தி ஒன்று வந்திருந்தால்கூட இவ்வளவு நேரம் போயிருக்காது. ஃபார்மட் (Format) என்ற கட்டளை கொண்டு தேதியை வருடம்-மாதம்-நாள் என்று மாற்றி அனுப்பினேன், தீர்ந்தது.

இன்னொன்றும் பிடிபட்டது. புதூர் என்ற பெயரில் எனக்கு இரண்டு ஊர். பொருந்துவது இரண்டு வரிசை இருந்தாலும் டிலுக்அப் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்து நீட்டும், இன்னொன்று இருப்பதாக மூச்சு விடாது. இப்போது பொருந்தும் வரிசைகளை எண்ணித் தரும் டிகவுண்ட் (DCount) வைத்து முதலில் எண்ணுகிறேன். ஒன்றுக்கு மேல் வந்தால் ‘பார்க்கவும்’ என்று காட்டும். அப்புறம் அத்தனை கடிதங்களையும் சேர்த்து அச்செடுக்கும் பட்டியலுக்கு டிலுக்அப் வேண்டாம் என்று முடிவு செய்தேன். வரிசைக்கு ஒரு தடவை தேடும்; இரண்டு அட்டவணையையும் வினவலில் (query) இணைப்பதே வேகம்.

முத்திரை அழிந்து தேதி தெரியாத கடிதங்கள் ஐந்து மிச்சம். கையெழுத்தையும் விஷயத்தையும் பார்த்து வருடம் சொல்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை அத்தை மறுபடி வருகிறார்.